மூன்றாவது அடி

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றபோது, முன் சீட்டு அம்மா கணவரிடம் சொன்னார்: "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு மறுபடியும் தலையில அடி பட்டுருச்சாமுங்க."

இங்கிலாந்தில் முட்டி மோதி ஆடும் ரக்பி பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்ட வெள்ளைக்கார மருமகனைப் பற்றிய பேச்சு அது.

"இது மூணாவது தடவை. இன்னொரு அடி பட்டா ஆளே தேறாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாராம்."

"அப்ப ஆட்டத்தை உட்டுப்போட வேண்டியதுதான?"

"பத்து வயசுல இருந்து இதேதானுங்க. வேறொண்ணும் தெரியாதுங்கறாராம்."

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னவாமா?"

"உட்டுப்போட்டாராமுங்க. காலையில இருந்து அழுதுட்டே இருக்காராம்."

கணவர் போனை வாங்கினார். "மாப்பிள்ளைகிட்டக் குடு கண்ணு."

மருமகன் லைனுக்கு வந்ததும், தமிழிலேயே சொன்னார்: "நாங்க இருக்கறமுங்க, மாப்பிள்ளை."