வளையம் கழற்றிய பன்றி

பன்றி கெட்ட எண்ணத்தில் மண்ணைக் கிண்டுவதில்லை. அதன் மூக்கு அப்படி. மூக்கின் மேல்விளிம்பில் ஒரு கம்பி வளையம் மாட்டினால், மண்ணை முட்டும்போது வலிக்கும், விட்டுவிடும். எங்கள் மலைச்சரிவில் எல்லாப் பன்றிகளுக்கும் வளையம் போடுகிறவன் நான்தான். கயீரா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நலுலே என் தம்பி மனைவி. தம்பி ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். அவர்கள் வாழைத் தோட்டம் என்னுடையதை ஒட்டியது. எனக்கு மூன்று மகன்கள். அவர்களுக்காக அந்த நிலத்தைக் கேட்டேன். கேட்டதில் தவறில்லை. குலத்துப் பெரியவர் மறுத்துவிட்டார்.

"புள்ள அந்த மண்ணுல கெடக்குறா, கயீரா. தாய எப்பிடிக் கெளப்புறது? புருசனுக்குத்தான் குழி இல்ல, புள்ளைக்கு இருக்கில்ல?"

அடுத்த வாரம் நலுலே தன் பன்றியை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு வணங்கினாள்.

"மூத்தவரே, இந்தச் சனியன் என் வள்ளிக்கெழங்கு பூராத்தயும் தோண்டித் தின்னுடுச்சு. ஒரு வளையம் போட்டுவிடுங்க."

"இது தின்னுற வேகத்துக்கு வளையத்தையும் சேத்துத் தின்னுடும்மா" என்றேன்.

சிரித்தாள். மகள் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வளையத்தை நன்றாகவே போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அவள் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது வளையத்தைக் கழற்றினேன். காபிச் செடிகளுக்கு நடுவில் பிள்ளையின் புதைமேடு. குச்சியால் அங்கங்கே துளை போட்டுச் சோளம் போட்டேன். பன்றியை அவிழ்த்துவிட்டேன். மற்றதை அதுதான் செய்தது.

நலுலே வந்து பார்த்தாள். கிடந்ததையெல்லாம் முந்தானையில் பொறுக்கினாள். பிறகு மண்ணிலிருந்து நாலு சோள மணியை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"மூத்தவரே, பன்னி மண்ணக் கிண்டும். சோளத்த வெதைக்குமா?"

மகளை முந்தானையில் முடிந்துகொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மணிகளைத்தான் இந்த வழக்கில் சாட்சியாக உங்களிடம் கொடுத்திருக்கிறாள், ஐயா.

பன்றியை விட்டுப் போனாள். அதற்கு மறுபடி வளையம் போட்டேன். இருந்தும் தினமும் அங்கேயே போகிறது. கிண்டுவதில்லை. அந்தப் பள்ளத்தில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. என் முற்றம்வரை அந்த மூச்சுக் கேட்கிறது. மகன்கள் தங்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் கால்வைக்கவும் மறுக்கிறார்கள்.

மேட்டைக் கலைப்பது மட்டும்தான் நோக்கமா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் பிள்ளைக்கு அந்தக் குழியை வெட்டியவனும் நான்தான், ஐயா. அன்று நல்ல மழை. முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிட்டேன். எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைச் சுற்றிப் புதைத்த மரப்பட்டைத் துணியில் முட்டும்வரை குச்சியால் குத்தினேன். முட்டியபிறகுதான் சோளத்தைப் போட்டேன்.