எங்கள் பிரிவுக்கும் ஒரு சேலை

சந்திரசூடேஸ்வரர் சந்நிதி நிழலில் கூடியிருக்கும் இந்தப் பள்ளிப் பெற்றோர் சபைக்குத் தலைமையேற்ற சென்னகிருஷ்ணன் அண்ணன் அவர்களே, பெரியவர்களே, பிள்ளைக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்த தாய்மார்களே, மூன்றாம் வகுப்பின் இரு கண்களான ஜெயப்ரியா டீச்சரே, கோவிந்தன் சாரே, முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் பக்கத்து வீட்டுக் கிருபாராணியே! அனைவரையும் பணிந்து, அம்மை மரகதாம்பிகையை நினைந்து இந்தச் சரோஜம்மாள் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. பொல்லாத பொறாமை.

யார் மேல்? ஒரு பழைய சேலை மேல்!

'அ' பிரிவுப் பிள்ளைகளின் கணக்கு விளையாட்டுக்கு ஜெயப்ரியா டீச்சர் சேலை கேட்டார். நான் பளபளவென்று பூனம் சேலை கொடுத்தேன். பிள்ளைகளின் பிடி வழுக்கியது, பந்தும் வழுக்கியது. கிருபாராணியின் வெளுத்த நூல் சேலைதான் நின்றது. அதில் வட்டம் வட்டமாக எண்களை எழுதினார்கள். டீச்சர் கணக்குச் சொல்வார். சுற்றி நின்று ஓரத்தைப் பிடித்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சாய்த்துச் சாய்த்து, விடை எண்ணில் பந்தை நிறுத்த வேண்டும். இன்று மூக்கண்டப்பள்ளி முழுக்க அதற்குப் பெயர் கிருபாராணி சேலை ஆட்டம். பொறுக்குமா எனக்கு? சிரிக்காத கிருபா, மைக்குல பேசிட்டு இருக்கேன்.

சேலை போகட்டும். என் தம்பி மகள் சுவாதி, கோவிந்தன் சாரின் 'ஆ' பிரிவு. கணக்கில் புலி, வகுப்பில் ஊமை. போன வாரம் அவள் மறந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே பார்த்து நிற்கிறாள். வெளியே அந்தச் சேலை ஆட்டம்!

இருபத்தேழை மூன்று பேருக்குப் பங்கிடச் சொல்கிறார் டீச்சர். கிருபாராணி மகன் லியோ ஆறின் பக்கம் இழுக்க, கூட்டமும் இழுக்கிறது. எதிர்முனையில் பிங்கி, பீகாரிலிருந்து வந்த பிள்ளை, தமிழ் வராது. அவள் மட்டும் தன் முனையை விடவில்லை.

"இருங்கடா, அவ எதுக்கு இழுக்குறான்னு பாப்போம்" என்றான் லியோ.

பிங்கி விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். எல்லாரும் எண்ணினார்கள். எல்லாரும் சாய்த்தார்கள். பந்து உருண்டு போய் ஒன்பதில் நின்றது!

ஜன்னலில் சுவாதி முணுமுணுத்தாள். "ஒம்பதுன்னு எனக்கு அப்பவே தெரியும் அத்தை."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்னடி?"

"யாருகிட்ட அத்தை?"

யாரிடம் சொல்வாள்? சுவரிடம் சொல்வாளா? முன்பெஞ்சு முதுகிடம் சொல்வாளா? கிருபாராணி மகன் அடுத்தவர் பேச்சுக்குக் காத்திருக்கக் கற்றான். மொழி தெரியாத பிள்ளை வகுப்புக்கே கணக்குச் சொன்னாள். எங்கள் பிள்ளைகள் மட்டும் கம்பியைப் பிடித்து வேடிக்கை பார்ப்பதா? கோவிந்தன் சார், பாடம் முடிக்கவே நேரமில்லை என்கிறீர்கள். அங்கே உருண்டது பாடம் இல்லையா சார்?

மணி அடிக்காதீங்கண்ணா, முடிச்சிர்றேன்.

இதோ, தேர்த் திருவிழாவுக்கு நான் கட்டிக்கொள்ள எடுத்த நூல் சேலை. மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. அம்பாள் முன் நான் பழசிலேயே நிற்பேன். வட்டம் போடுங்கள் சார், அழியாத மையில் போடுங்கள்!

என்ன சார், எழுந்துட்டீங்க? நாளைக்கேவா? எல்லாரும் கேட்டுக்குங்க, நாளைக்கேன்னு சொல்லிட்டாரு.

சுவாதி, மேடைக்கு வாம்மா, இந்த முனையைப் பிடி. கிருபா, நீ உட்காரு. இது சரோஜம்மாள் சேலை ஆட்டம்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும். கும்பிடுகிறேன்.