ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்

— தலையத் தூக்காதீங்க மாமா!

— தூக்கல மாப்ள. கால் மரத்துப் போச்சு, அதான் நகந்தேன்.

— மரத்தா மரத்துட்டுப் போகட்டும். துப்பாக்கிய வெச்சுக் கண்டபடி சுடுறவன் இன்னும் எதிர் மாடியிலதான் இருக்கான். நம்ம ஜன்னலுக்கு நேரா.

— போலீஸ் வந்துருச்சா?

— தெருமுனையில சைரன் கேக்குது... கிட்ட வரமாட்டேங்குது.

— இன்னிக்குன்னு பாத்து உன்னை ரிப்பேருக்குக் கூப்பிட்டேன் பாரு! என் புத்திய...

— பைண்டிங் கடைக்கு ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு அக்கா அப்பவே கேட்டா.

— பசை புளிச்சுப் போகுதேன்னு வாங்கினேன்டா... சரி, இந்த மேஜையச் சாய்ச்சு மறைவா வெச்சா?

— பலகை தாங்காது.

— சினிமாவுல தாங்குதே?

— அது கதாநாயகன் வீட்டு மேஜை.

— இப்பவும் நக்கலு! அப்போ காகிதம் வெட்டுற மெஷின்? சுத்த வார்ப்பு இரும்பு.

— தாங்கும். ஜன்னலடியில நிக்குதே, யாரு போறது? நீங்க காகிதக் கட்டுக்குப் பின்னாடியே இருங்க.

— வெறும் காகிதம்டா!

— ஒத்தத் தாளா? ஐநூறு ஐநூறு தாளா இறுக்கிக் கட்டின ரீமு... மாமா, குனிங்க!

— ...

— மாமா? மாமா!

— இருக்கேன்... இருக்கேன்டா. கட்டுல பட்டுச்சு. முதுகுல யாரோ குத்தின மாதிரி...

— ரத்தம்?

— இல்ல. விரல விட்டுப் பாக்குறேன்... குண்டு நாலாவது ரீம்ல நிக்குது. அம்மா, சுடுது!

— நான்தான் சொன்னேன்ல.

— நீ... உனக்கு அந்த ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பரவால்லையா?

— எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன். இரும்புப் பெட்டி மாமா இது. பதினஞ்சு வருஷமா ஃப்ரிட்ஜோட மல்லுக்கட்டுறவன், எனக்குத் தெரியாதா?

— ம்...

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. இங்க... ஒரு ஆளுக்குத்தான் இடம்.

— தெரியும். கண்ணால அளந்துட்டுதான் உங்களை அங்க தள்ளினேன்... ஐயோ, மறுபடியும்! குனிங்க!

— மாப்ள! டேய்... பேசுடா!

— ...

— பேசுடா! உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்!

— கத்தாதீங்க... இருக்கேன். காதுதான் ஙொய்னு அடைக்குது.

— பட்டுச்சா?

— படல. மாமா... ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு ஓட்டை. என் பக்கமும் ஒரு ஓட்டை. காதுக்கு நாலு விரல் தள்ளி. அது வழியா வெளிச்சம் வருது.

— கடவுளே...

— ஒரு பொய் சொல்லிட்டேன் மாமா. இது இரும்பெல்லாம் இல்ல. ரெண்டு தகரம், நடுவுல நுரை. ஒண்ணையும் தாங்காது. சொல்லியிருந்தா என்னைய அங்க இழுத்து உக்கார வெச்சுட்டு, நீங்க இங்க வந்திருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?

— டேய்...

— கோவமா மாமா?

— போன மாசம் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜப் பிரிச்சுப் போட்டியே... நான்தானே டார்ச் பிடிச்சேன். தகரத்தையும் பாத்தேன், நுரையையும் பாத்தேன். நீ அங்க போய் உக்காரும்போதே தெரியும்டா எனக்கு. பயந்துட்டேன் மாப்ள... அதான் வாயத் திறக்கல.