நூறு உறுப்பினர் கண்ட கிளை

— அந்தப் பேனரை மொதல்ல எறக்கச் சொல்லுங்க, தலைவரே. கடைக்குப் போக வர எனக்குக் குமட்டுது.

— அப்படிச் சொல்லாதீக, மதினி. நம்ம கட்டடப் பொறியாளர் சங்கம், காரைக்குடிக் கிளை, அண்ணனுக்குச் செய்யிற மரியாதை அது. நான் என்ன சொல்றேன்னா...

— பதினோரு தலை இருக்கு. அதுல எம் புருசன் தலை எங்கன்னு நானே தேடுனேன். ஓரத்துல, தபால்தலை கணக்கா. உங்க தலைதான் பெருசு, பல்லைக் காட்டிக்கிட்டு.

— நூறாவது உறுப்பினர் விழாவுக்கு எடுத்த போட்டோ அது. பிளெக்ஸ் கடைக்காரன் அதையே தூக்கி ஒட்டிட்டான்.

— அடியில என்ன போட்டிருக்கு? ‘இரங்கல் கூட்டமும் உறுப்பினர் சேர்க்கையும்’. மதியச் சாப்பாடு உண்டாம்.

— கூட்டம் சேரும்போதே சேத்துப்புடணும், மதினி. நூறு வந்தாச்சு. நூத்தம்பது ஆயிட்டா மாவட்டத்துலயே பெரிய கிளை நாமதான். அண்ணன் ஆசையும் அதுதான?

— அந்த நூறைக் கொண்டாடப் போயித்தான் அவுக கையில மாலையோட மண்டபத்து வாசல்ல நின்னாக. போர்டிகோ இடிஞ்சு தலையில விழுந்துச்சு. காரியம் முடிஞ்சு ரெண்டு நாளுதான் ஆகுது. எதுக்கு வந்தீக?

— காபி நல்லாருக்கு, மதினி.

— எதுக்கு வந்தீகன்னு கேட்டேன்.

— நாளைக்கு விசாரணைக்கு உங்களைக் கூப்புட்டிருக்காகள்ல. நீங்க ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். அண்ணன் அந்த மண்டபத்தை நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் உறுதிச் சான்று குடுத்தாக. இம்புட்டுத்தான் சொல்லணும்.

— அவுக அந்த மண்டபத்துல காலு வச்சதே விழா அன்னைக்குத்தான்.

— அது நமக்குத் தெரியும். சான்றுல அண்ணன் கையெழுத்துல்ல இருக்கு?

— வெறுந்தாள்ல இருந்த கையெழுத்து. அதுக்கு மேல ‘கட்டடம் உறுதியாக உள்ளது’ன்னு எழுதுனது நீங்க.

— மெதுவா, மதினி. ஜன்னல் தொறந்திருக்கு.

— தொறந்தே இருக்கட்டும். தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு, வாசலுக்குத் தேக்குக் கதவு. போர்டிகோவுக்குப் போட்ட கம்பி சுண்டுவிரல் தண்டிகூட இல்ல. அவுகளைத் தூக்கும்போது பாத்தேன்.

— அதைக் கட்டுனவனும் நம்ம உறுப்பினருதான், மதினி. சான்றுல கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ளவுக கிளையில நாலே பேரு. மத்தவன்லாம் டிப்ளமா முடிச்சுட்டு வீடு கட்டிக் குடுக்குறவன். சங்கத்துல சேருங்கப்பான்னா, சேந்தா என்ன கெடைக்கும்னு கேக்குறானுக. சேந்தா சான்றுக்கு அலைய வேணாம், அண்ணன் கையெழுத்து ரெடியா இருக்குன்னேன். ஒரு குடும்பம்னா ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுத்தான போகணும்?

— த்தூ! குடும்பமாம்.

— திட்டுங்க, தப்பில்ல. ஆனா யோசிங்க. தாளை நிரப்புனது நான்னு நீங்க சொன்னா, அதுல கையெழுத்துப் போட்டவரு யாருன்னு அடுத்த கேள்வி வரும். செத்த மனுசன் பேரு நாறிப்போகும். அகல்யாவும் சிவில்தான படிக்குது? நாளைப்பின்ன அது எங்க வேலைக்குப் போனாலும், அந்தச் சேவுகன் மகளான்னுதான் கேப்பாக.

— எம் மகளை இழுக்காதீக.

— இழுக்கல, மதினி. நல்லதுக்குச் சொல்றேன். கிளைக்குன்னு சொந்தமா ஒரு அரங்கம் கட்டப்போறோம். ‘பொறியாளர் சேவுகன் அரங்கம்’. நீங்கதான் தொறந்து வைக்கணும். வீட்டுல மிச்சம் இருக்குற தாளையும் அண்ணன் முத்திரையையும் மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க.

— அந்த அரங்கத்துக்கு உறுதிச் சான்று யாரு குடுப்பா?

— மதினி...

— மொதல்ல எல்லாம் அவுக ஒக்கூரு வரைக்கும் பைக்குல போவாக, உறுப்பினர் சேக்க. விண்ணப்பத்தை எல்லாம் அப்படியே வெறுமனே திருப்பிக் கொண்டுட்டு வருவாக. ‘நாலு பேரு ஒண்ணா உக்காந்து, நல்லபடியாக் கட்டுறது எப்படின்னு பேசலாம்டான்னா, ஒருத்தனும் வரமாட்டேங்குறான், மீனா’ன்னு சொல்லிட்டு, சோத்தைப் பிசைஞ்சபடியே உக்காந்திருப்பாக. அதைப் பாக்க முடியாது என்னால.

— பெறகு வந்தானுகள்ல? ஒரே வருசத்துல எழுபது பேரு!

— வந்தாக. ‘எம் பேச்சு எடுபட ஆரம்பிச்சிருச்சு, மீனா’ன்னு அவுகளுக்கு அம்புட்டுச் சந்தோசம். கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாப்பாக. விழாவுக்குன்னு புதுச் சட்டை எடுத்தாக.

— பேச்சா? எல்லாரும் அந்தத் தாளுக்குத்தான் வந்தானுக. அது அண்ணனுக்கே தெரியும். அண்ணன்தான கையெழுத்தைப் போட்டு உங்ககிட்டக் குடுத்து வைப்பாக, நான் வந்து வாங்கிட்டுப் போவேன்?

— அவுகதான் குடுத்து வச்சாகன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— நீங்கதான், மதினி.

— ஆமா, நான்தான். நாளைக்கு விசாரணையிலயும் சொல்லத்தான் போறேன். அவுக ஒருநாளும் வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டதில்ல, தலைவரே. நீங்க வாங்கிட்டுப் போன அத்தனை தாள்லயும் அவுக கையெழுத்தைப் போட்டது நான்.