குளியலறையில் தேங்கிய தண்ணீர்

ஈரக் காலோடு கூடத்துக்கு வருபவர்களை எனக்குப் பிடிக்காது. என்னிடம் உள்ள ஒரே குறை அதுதான் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். வேறு குறை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று நீங்கள் விசாரிக்க வந்தபோது என் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். அது நேராக மூலையில் இருக்கும் சல்லடைக்கு ஓடிப் போயிற்று. "தரை நல்லாத்தானே சார் இருக்கு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று நானே ஸ்டேஷனுக்குத் தேடி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

குளியலறைத் தரையைத் தண்ணீர் போகும் பக்கம் லேசாகச் சரித்து ஒட்ட வேண்டும். வாட்டம் என்பார்கள். எங்கள் டைல்ஸ்காரர் வாட்டத்தைக் கதவுப் பக்கம் கொடுத்துவிட்டார். யார் குளித்தாலும் வாசற்படியை ஒட்டி ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "என் தப்புதான் சார். ரசமட்டம் வெச்சுப் பாக்காம கண்ணாலயே பாத்து ஒட்டிட்டேன். நாளைக்கே பேத்துட்டு வேற ஒட்டித் தரேன். ஒண்ணும் தர வேணாம்" என்றார்.

தப்பு செய்தவன் ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. நாற்பது பேரைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளன் நான். அவர் ஒப்புக்கொண்டது என் குளியலறையில். அது பதிவாக வேண்டிய இடம் வேறு. சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். அங்கே வக்கீல் தேவையில்லை, நாமே வாதாடலாம். கோட்டு ஒன்று தைத்துக்கொண்டேன். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று "கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லிப் பழகினேன். தரையை யாரும் தொடக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அது சாட்சியம்.

"அவரே வந்து சரி பண்றேங்கறாரு, விடுங்களேன். உங்களுக்குத் தரை வேணுமா, தீர்ப்பு வேணுமா?"

"ரெண்டும் வேணும். முதல்ல தீர்ப்பு."

"அப்போ நான் இப்பக் குளிக்கலாமா, இல்ல வாய்தா வாங்கணுமா?"

இப்படித்தான் பேசுவாள். முழங்கால் தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளுக்கு வாய் மட்டும் தேயவில்லை. தானே ஒரு ரப்பர் மிதியடி வாங்கி வந்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் போட்டுக்கொண்டாள். சாட்சியத்தை மறைக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "சாட்சி கொஞ்சம் மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள்.

விசாரணை நாளில் ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். நீதிபதி அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி நிக்குதுங்கறீங்க. சரி. அதனால யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இதுவரை இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"அவர்தான் சரி பண்ணித் தரேங்கறாரே. அடுத்த வாய்தாவுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு துணி போட்டுத் துடைங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். வாஷிங் மெஷின் வழக்குக்காக வந்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கோட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும், "இன்னிக்கே வரட்டுமா சார்? அம்மாவுக்குக் கால் வேற முடியலையே" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் நீதிபதி கேட்டது நியாயமான கேள்வி. பாதிப்பு இல்லாமல் பரிகாரம் எப்படிக் கேட்பது? ஒரு சறுக்கல், ஒரு சுளுக்கு, மருத்துவரின் சீட்டு ஒன்று. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

மிதியடியைத் துவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். காய்ந்த பிறகும் அங்கேயே கிடந்தது. குளியலறை பல்பு தானாகத்தான் போனது. அதற்கு நான் பொறுப்பல்ல. மாற்றவில்லை, அவ்வளவுதான். இவ்வளவுக்கும் அவள் விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிக்கொண்டாள். வாய்தாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வாய்தாவுக்கு முதல் நாள் காலை விழுந்தாள். தலை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பட்டது. நான் எதிர்பார்த்தது கால். தண்ணீர் வற்றிப்போவதற்குள் படம் எடுத்தேன். அளவு தெரிய வேண்டும் என்று அவளுடைய செருப்பில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போய் விஷயத்தைச் சொன்னேன். நீதிபதி எழுந்தே விட்டார். உயிர் போன விவகாரம் தன் நீதிமன்றத்தில் அடங்காது, காவல்துறைதான் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் குளியலறையில் புதுத் தரை. அவள் தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். "வர்றவங்க போறவங்க யாராவது மறுபடியும் விழுந்து தொலைச்சா என்ன பண்றது அத்தான்? நான்தான் போட்டுடச் சொன்னேன். அந்த மனுஷன் அழுதுக்கிட்டே வேலை பாத்தாரு" என்றான். டைல்ஸ்காரர் சிமெண்டுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சார் அம்மாவைக் கொன்னுட்டேன்" என்றார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சாட்சியம் போய்விட்டதே.

அதன் பிறகுதான் நீங்கள் வாளியோடு வந்தீர்கள். அவர் ஏதோ துக்கத்தில் உளறுகிறார் என்று அவரை அனுப்பிவிட்டீர்கள். என் படத்தைக் காட்டினேன். "இந்தத் தண்ணியை யார் வேணா ஊத்தியிருக்கலாமே சார்" என்று கோப்பை மூடினீர்கள். தரையில் குறையில்லை என்று எழுதப் போகிறீர்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஊற்றியது நான்தான். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு மூடி ஷாம்பூ. அவள் வழக்கமாகத் தாண்டிக் கால் வைக்கும் இடம் வரைக்கும் ஊற்றினேன். பிறகு, குழாய் ஒழுகுகிறது, சீக்கிரம் வா என்று குரல் கொடுத்தேன். "இதோ வரேன்" என்று அந்த முழங்காலோடு கூடத்தைத் தாண்டி வேகமாக வந்தாள்.

இனிமேல்தான் முக்கியம், கவனியுங்கள். நான் ஊற்றி, கூப்பிட்டு, அவள் அங்கிருந்து வந்து சேருகிறவரைக்கும் அந்தத் தண்ணீர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வாட்டம் மட்டும் சரியாக இருந்திருந்தால் அவள் வருவதற்குள் ஓடிப் போயிருக்கும், அவளும் இருந்திருப்பாள். தப்பு யாருடையது என்று இப்போதாவது எழுதிக்கொள்ளுங்கள்.