செற்றிக்கு அப்பச்சோடா

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் திரும்ப ஏறினோம். முன் சீற்றில் இரண்டு பெண்கள். கேட்காமல் இருக்க வழியில்லை.

“பையில என்ன வெள்ளைத் தூள் எண்டு கேட்டான். செற்றிக்குப் போடுற அப்பச்சோடா எண்டன். ஆமிக்காரன் சிரிக்கிறான், அக்கா.”

“நானும் சிரிச்சிருப்பன். மெத்தை வைச்ச செற்றிக்கு ஏனடி அப்பச்சோடா?”

“பக்கத்து வீட்டு ஹலீமாக்கா இடம்பெயரேக்க எங்களிட்டை விட்டிட்டுப் போன செற்றி. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வாற கிழமை திரும்பி வாறா. துப்புரவாக்கிக் குடுக்கவேணும்.”

“கடையில போத்தில்ல மருந்து விக்கினமே.”

“அவாவுக்கு இழுப்பு வருத்தம். அந்த மணம் ஒத்துக்கொள்ளாது. சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டிட்டு, தேசிக்காய் பிழிஞ்ச தண்ணியால துடைச்சாக் காணும்.”

“எல்லாம் போயிடுமோ?”

“தூசி போயிடும். தலைமாட்டில ஒரு எண்ணெய்க் கறை இருக்கு. என்ரை மனுசன் வருத்தமாகி, கடைசி ஆறு மாசமும் அதிலதான் கிடந்தவர்.”



“அந்தக் கறையும் போகுமே?”

“ஓம் அக்கா. போகும் எண்டு தெரிஞ்சுதான் இவ்வளவு நாளும் சோடா வாங்காமல் இருந்தனான்.”