இரண்டு இடது கால்கள்

என் பெயரை ஸ்டேஷன் எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. "எலும்பு டீச்சர்" என்று கேட்டால் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. இஸ்திரிக் கடைக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். பழங்கால மனித எலும்புகளைத் தோண்டி ஆராய வெளிநாடு போகும் கல்லூரி மாணவர்களைத் தயார் செய்வது என் வேலை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் காலி இடம் இருக்கிறது. கடைக்கார அண்ணனிடம் கேட்டுக்கொண்டு அங்கே குழி வெட்டி, பிளாஸ்டரில் வார்த்து டீத்தண்ணீரில் ஊறப்போட்ட எலும்புக்கூடு ஒன்றைப் புதைத்து வைத்திருந்தேன். மாணவர்களுக்கு அதுதான் கடைசிப் பரீட்சை. வலது தொடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு இடது தொடை எலும்பைக் கவிழ்த்து வைத்தேன். கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்றுதான். என்னிடம் ஒரு விதி உண்டு: குழி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கண் பார்த்து முடிக்காமல் கை நீளக் கூடாது. ஒரு மாணவிக்கு மட்டும் அது வரவே வராது. எலும்பைக் கண்டால் பிடுங்கிவிடுவாள், பட்டப்பெயரே "அவசரம்". நீ விமானம் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அழுதாள்.

அதன் பிறகு மழையில் மண் கரைந்து கால்கள் வெளியே தெரிய, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் பார்த்து ஊரைக் கூட்டிவிட்டார். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம், போனும் அணைந்திருந்தது. அண்ணன்தான் அண்ணியைக் கொன்று புதைத்துவிட்டார் என்று பேச ஊருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த கதைதான். நான் மாணவர்களோடு பரீட்சைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாருடையதோ பாதி தேய்த்த சட்டை அவர் கையிலேயே இருந்தது.

அது பொம்மை, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும் என்றேன். "எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். டாக்டர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது, அதுவரை ஆள் லாக்கப்பில்தான் என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவரைச் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத வேண்டாம் என்று எழுத்தர் கேட்டுக்கொள்கிறார், விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகுதான் பார்த்தேன், குழியைச் சுற்றி போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவசரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். விரல்கள் துடித்தன, கை மட்டும் அவிழவில்லை. பிறகு வாயைத் திறந்தாள்.

"சார், தொட வேணாம், பாருங்க. தொடை எலும்புக்குப் பின்பக்கம் நீளமா வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். இந்தக் கால்ல அது மேல தெரியுது, அந்தக் கால்ல தெரியல."

"செத்தப்போ கால் திரும்பியிருக்கும்" என்றார் அவர்.

"திரும்பியிருந்தா இடுப்புல மாட்டுற பந்து வெளிப்பக்கம் பார்க்கும் சார். இது உள்ளதான் பார்க்குது. ரெண்டுமே இடது கால். ரெண்டு இடது காலோட எந்த மனுஷி சார் நடப்பா?"

இன்ஸ்பெக்டர் தன் தொடையைத் தடவிப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். பிறகு அவரே இறங்கி, ஜீப் சாவியால் எலும்பைச் சுரண்டினார். காக்கி பேன்ட்டெல்லாம் வெள்ளை மாவு. கூட்டம் கைதட்டியது, நானும் விசிலடித்தேன். இதையும் எழுதச் சொன்னேன், எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோவில் அண்ணி வந்து குதித்தார். "நான் செத்துட்டேன்னு எவன்யா சொன்னது?" என்று கேட்டவர், அண்ணனைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்ட முடியாமல் அந்தப் பாதி தேய்த்த சட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவசரத்திடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "பெட்டியைக் கட்டுடி." அப்போதுதான் அவள் பின்னால் கட்டிய கையை அவிழ்த்தாள்.

அண்ணன் மீது எந்தக் குற்றமும் இல்லை. சாட்சிக்கென்று எடுத்துவந்து ஸ்டேஷனில் வைத்திருக்கும் என் இரண்டு இடது கால்களையும் அடுத்த பரீட்சைக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன். இவ்வளவும் என் வாயால் சொன்னது, படித்துக் காட்டக் கேட்டேன், ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) எலும்பு டீச்சர்